உப்புப் பார்ப்பவனுக்குக் கஞ்சி இல்லை

1

எங்கள் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்கு உப்புப் பார்ப்பவன் பெயர் வேலாயுதம். பண்ருட்டிப் பக்கம் திருவதிகைக்காரன். பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன்.

ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம். கஞ்சி காய்ச்சுகிற நாங்கள் நான்கு பேரும் நோன்பாளிகள். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டால் நோன்புக்கு ஒன்றும் ஆகாது என்று இமாம் ஹஜ்ரத் சொல்லியிருக்கிறார். ஆனால் விடியலிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத நாக்கு சரியாகச் சொல்லாது. ஒரு வருஷம் அப்படித்தான் நாங்களே பார்த்து, அண்டா முழுக்க உப்பாகி, சனங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். அதற்குப் பிறகு மத்தியானச் சோறு சாப்பிட்ட ஓர் ஆளைக் கூப்பிடுவது என்று வழக்கம் ஆனது. அந்த ஆள் வேலாயுதம்.

சாயங்கால அசர் தொழுகைக்கு முன்னால் வருவான். கையை அலம்பிக்கொண்டு உள்ளங்கையை நீட்டுவான். அகப்பையிலிருந்து இரண்டு சொட்டு விடுவேன். நக்கிப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்ப்பான்.

"ஒரு கை போடு மச்சான்" என்பான். அல்லது, "போதும், இதுக்கு மேல போட்டா மீன் உயிரோட வந்துரும்" என்பான்.

நோன்பு மாதம் முழுக்க அவன் இல்லாமல் ஒரு அகப்பை கஞ்சியும் வெளியே போனதில்லை. பிறகு அவன் பெண்சாதி அஞ்சலை தூக்குச்சட்டியோடு வந்து எல்லோரையும் போல வரிசையில் நின்று வாங்கிப் போவாள். சீனர்கள்கூட வருவார்கள். யார் என்ன என்று நாங்கள் கேட்டதில்லை.

இந்த வருஷம் கேட்டார்கள். பாதி நோன்பில் கஞ்சி கிண்டுகிற துடுப்பையும் என் கையிலிருந்து வாங்கிவிட்டார்கள். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆத்திரத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, அது இருக்கட்டும்.

2

நான் கடலூர் முதுநகர். துறைமுகத்தில் படகில் ஏற்றி இறக்குகிற வேலையில் எங்கள் அத்தா முதுகு வளைந்தார். நான் என் முதுகு வளையும் முன்பே கிளம்பிவிட்டேன். அண்ணாமலை நகரில் மாணவர் மெஸ் ஒன்றில் தட்டுக் கழுவினேன். விருத்தாசலம் லைனில் பஸ் கிளீனராக இருந்தேன். ஒரு இடத்தில் இரண்டு மழைக்காலம் இருந்தால் கால் அரிக்கும். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது என்னிடம் இரண்டு கைலியும் ஒரு தகரப் பெட்டியும் இருந்தன. பெட்டிக்குள் வேறு ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு இறங்கினால் மதிக்க மாட்டார்கள் என்று பெட்டி.

பினாங்கில் இறங்கிய நேரம் நோன்பு மாதம். படுக்க இடம் இல்லை. பள்ளிவாசல் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆள் வந்து கையில் கஞ்சிக் கோப்பையைத் திணித்தார்.

"எந்த ஊருடா?"

"கடலூரு ஓட்டி."

"ஓட்டில எங்க?"

ஓட்டி என்றால் ஓல்டு டவுன், முதுநகர்தான். தெருவைச் சொன்னேன். அவரும் அதே தெரு. அவர்தான் காதர் மாமா. எனக்கு முன்னால் கப்பலில் வந்தவர். அப்போது சிறிய ரொட்டிக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். இப்போது மூன்று சாப்பாட்டுக் கடைக்கு முதலாளி, பள்ளிவாசல் கமிட்டிச் செயலாளர். எனக்கு வேலை வாங்கித் தந்தவர், பெண் பார்த்து நிக்காஹ் செய்து வைத்தவர். இதையெல்லாம் மறைத்து எழுதினால் நான் மனுஷன் இல்லை.

இந்த நாடு சொந்தக் கொடி ஏற்றியபோது குடியுரிமைக்கு எழுதிப் போடச் சொன்னார்கள். காதர் மாமா என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி மலாய் மொழியில் கேள்வி கேட்டார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதற்கு நான் என் வயதைச் சொல்லிவிட்டேன். அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் முத்திரையைக் குத்திவிட்டார். நீல அட்டை கிடைத்தது. நீலம் என்றால் குடிமகன். சிவப்பு அட்டை என்றால் இங்கே இருக்கலாம், இந்த ஊர்க்காரன் இல்லை.

வேலாயுதம் வரவில்லை. எத்தனையோ தடவை கூப்பிட்டேன்.

"இன்னா மச்சான் வெளையாடுறியா? அடுத்த வருஷம் ஊருக்குப் போறவனுக்கு எதுக்கு நீலக் கார்டு? பண்ருட்டி சந்தையில காட்டுனா பலாப்பழம் சும்மா குடுப்பானா?"

அடுத்த வருஷம் என்று அவன் சொல்ல ஆரம்பித்தபோது அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிறகு அஞ்சலை வந்தாள். இரண்டு பெண் குழந்தைகள் இங்கேயே பிறந்தன. ஒவ்வொரு வருஷமும் அவன் அடுத்த வருஷம் போவதாக இருந்தான். எங்கள் பக்கத்து ஆட்களில் பாதிப்பேர் இப்படித்தான். துணி மூட்டையை அவிழ்க்காமலே ஒரு ஆயுசைக் கழிப்பவர்கள். ஏமாளி என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு மனசு வரவில்லை. ஊரை விட மனமில்லாதவன் சிவப்பு அட்டைக்காரன் ஆனான். ஊரை உதறிவிட்டு வந்த நான் குடிமகன் ஆனேன்.

இந்த வருஷம் சட்டம் வந்தது. சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். உள்ளூர்க்காரனுக்கு முதலில் வேலை, பிறகுதான் இவர்களுக்கு. வேலாயுதத்தைத் துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள். சீட்டுக்கு எழுதிப் போட்டான். பதில் வரும், காத்திரு என்றார்கள். பதில் வரும்வரை என்ன தின்பது என்று அந்த ஆபீஸ் ஜன்னலில் யாரும் சொல்லவில்லை. ரப்பர் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் நாகப்பட்டினத்துக்கும் மதராசுக்கும் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். இவன் ஏறவில்லை.

"ஊருக்குப் போறேன் போறேன்னியே, இப்ப போயேண்டா" என்றேன்.

"இப்ப போனா தொரத்துனதா ஆயிடும் மச்சான். நானா போவணும்" என்றான்.

அஞ்சலை இரண்டு சீனர் வீட்டில் துணி துவைத்தாள். அது பகல் சோற்றுக்கு ஆனது. நோன்பு பிறந்ததும் இரவுச் சாப்பாடு கஞ்சி. பதில் வரும்வரை தாக்குப்பிடிக்க அவர்களுக்கு இருந்த பிடி அந்தத் தூக்குச்சட்டிதான்.

3

கமிட்டி கூடியது. நான் கமிட்டியில் இல்லை, கிண்டுகிறவனை யார் கூப்பிடுவார்கள். தேநீர் கொண்டுபோய் வைத்துவிட்டு வாசலில் நின்றேன்.

காதர் மாமா பேசினார். வேலையில்லாதவர்கள் கூட்டம் ஜாஸ்தி ஆகிவிட்டது என்றார். வாளியோடு வருகிறார்கள், ஒரு வீட்டுக்கு இரண்டு தடவை வாங்குகிறார்கள், கார்டு உள்ள நம்ம குடும்பங்கள் கடைசியில் காலி அண்டாவைப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றன என்றார். கடைசியாக இதைச் சொன்னார், இதுதான் அவர் மனசில் முதலில் இருந்தது.

"நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க. வெளியாளுங்களுக்குச் சோறு போட்டு இங்க புடிச்சு வச்சிருக்கோம்னு வந்தா, நம்ம பேருக்குத்தான் கெடுதி. நாம இந்த நாட்டு ஆளுங்க. அப்புடி நடந்துக்கணும்."

முடிவு இதுதான். நீல அட்டை வீடுகளுக்கு அடையாளமாகத் தகர வில்லை. வில்லை உள்ளவர்களுக்குப் பெரிய அண்டா, கறி போட்டது. மற்றவர்களுக்குச் சின்ன அண்டா, நொய்யும் பருப்பும் போதும். இரண்டு வாசல், இரண்டு வரிசை. யாரையும் பட்டினி போடவில்லையே, அவுங்களுக்கும் தர்றோமே என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள்.

முதல் நாள் வேலாயுதம் வழக்கம்போல வந்தான். இரண்டு அண்டாவையும் பார்த்தான். யாரோ அவனுக்கு ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும். உள்ளங்கையை நீட்டினான். பெரிய அண்டாவிலிருந்து இரண்டு சொட்டு விட்டேன்.

"சரியா இருக்கு."

சின்ன அண்டாவிலிருந்து விட்டேன். நக்கினான்.

"இதுலயும் உப்பு சரியா இருக்கு மச்சான். உப்பு மட்டுந்தான் இருக்கு."

பக்கத்தில் நின்ற காதர் மாமாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. "வேலாயுதம், தப்பா எடுத்துக்காதப்பா. உனக்குன்னு இல்ல. பொதுவா ஒரு ஒழுங்கு" என்றார். "நீ எப்பவும்போல வந்து உப்புப் பாத்துக் குடுத்துடு."

"அது சரிங்க மொதலாளி. பாக்குறதுக்கு வில்லை வேணுமா?" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அஞ்சலை பின்பக்க வாசலில் நின்று வாங்கிப் போனாள். குழந்தைகள் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கறி எங்கே என்று கேட்டதாக என் வீட்டம்மாவிடம் சொன்னாளாம். அழுதுகொண்டு சொல்லவில்லை. கடைக்காரன் நிறுவையில் ஏமாற்றியதைச் சொல்வது போலச் சொன்னாளாம்.

4

இதை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பார்த்த இடம் சிதம்பரம். சிதம்பரத்துக்காரர்கள் என்மேல் கோபப்படுவார்கள், படட்டும்.

நாலைந்து வருஷம் முன்பு நோன்புக்கு ஊருக்கு வந்திருந்தேன். பர்மாவிலிருந்து நம் சனங்களைக் கப்பல் கப்பலாக அனுப்பிக்கொண்டிருந்த சமயம். என் லாத்தா, அதாவது உடன்பிறந்த அக்கா ரஹ்மத், ரங்கூனில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக்காரர் ஜமால் மச்சானுக்கு அங்கே ஜவுளிக் கடை. அவருடைய வாப்பா காலத்துக் கடை. ஒரு காலையில் கடையை எடுத்துக்கொள்ள பர்மா சர்க்கார் ஆள் வந்து உட்கார்ந்தான், மச்சான் எழுந்து வந்தார். அவ்வளவுதான். கப்பல் ஏறும் இடத்தில் லாத்தா காதில் கிடந்ததையும் கழற்றிக்கொண்டார்கள். சிதம்பரத்தில் மச்சானின் பூர்வீக வீட்டில், பங்காளிகள் ஒதுக்கிய ஒரு அறையில் ஆறு பேர் இருந்தார்கள்.

அப்போது ஊரெல்லாம் அரிசிப் பஞ்சம். ரேஷன் அரிசிக்கு அட்டை வாங்க மச்சானோடு நானும் மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீசுக்குப் புறப்பட்டேன். பஸ் புவனகிரி தாண்டியதும் முன் சீட்டு ஆள் பேச்சைத் தொடங்கினார்.

"பர்மாக்காரனுக்கு யோகம்பா. அரிசி குடுக்குறான், லோன் குடுக்குறான், வூடு கட்டித் தர்றான். நாமளும் ஒரு தடவ ரங்கூனு போயிட்டு ஓடியாந்திருக்கலாம்."

மச்சான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்க வூட்ல யாரும் வெளிநாட்ல இல்லீங்களா?"

"ஏன் இல்ல. தம்பி சிங்கப்பூர்ல இருக்கான்."

"நாளைக்கு அவரையும் இப்புடித் தொரத்துனா?"

"அவன ஏன் தொரத்துறான்? அவன் ஒழுங்கா வேல பாக்குறான்."

ஜமால் மச்சான் ஒழுங்காக வேலை பார்க்காததால்தான் துரத்தினார்கள் என்று அந்த ஆள் நிஜமாகவே நம்பினார். கெட்டவர் இல்லை. இறங்கும்போது மச்சானின் பையைத் தூக்கிக் கொடுத்தார்.

ஆபீசில் எழுத்தர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தத் தாள் வேண்டும், இந்தத் தாள் வேண்டும் என்றார். கப்பலில் கொடுத்த தாளைத் தவிர எங்களிடம் வேறு தாள் இல்லை. அடுத்த வாரம் வரச் சொன்னார். போகும்போது பொதுவாக ஒரு வார்த்தை சொன்னார்.

"அங்க கட்டுக்கட்டா சம்பாரிச்சப்ப இந்த ஊரு ஞாபகம் இல்ல. இப்ப மட்டும் வருது."

மச்சான் பதில் சொல்லவில்லை. பதில் சிதம்பரத்தில் எங்கள் லாத்தா தெருப் பள்ளிவாசல் கொல்லையில் இருந்தது. கஞ்சி அண்டா. செம்பு, உள்ளே ஒரு ஆள் உட்காரலாம். அதன் கழுத்தைச் சுற்றி, பாத்திரத்தில் நாம் பேர் வெட்டுவோமே அப்படி, 'ரங்கூன் ஜவுளி வியாபாரிகள் உபயம்' என்று வெட்டியிருக்கும். கீழே பேர்கள். அதில் ஒன்று ஜமால் மச்சானுடைய வாப்பாவின் பேர்.

நோன்புக் கஞ்சி வழக்கம் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏழை வீட்டுச் சட்டியும் வரும், மண்டிக்காரர் வீட்டு வெள்ளித் தூக்கும் வரும். வீட்டில் பிரியாணி வெந்தாலும் பள்ளிவாசல் கஞ்சி ஒரு வாய் போகாமல் நோன்பு திறந்தது போல இருக்காது என்பார்கள். அதனால் அதற்குப் பிச்சை என்று பேர் வரவே இல்லை. பணக்காரனும் குடிக்கிறான், ஆகவே கறியும் தேங்காய்ப்பாலும் குறையாமல் போடுகிறான். வழக்கத்தை உண்டாக்கியவர்கள் யோசித்துச் செய்தார்களோ இல்லையோ, வேலை செய்தது.

அந்த வருஷம் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களுக்குத் தனி வரிசை என்றார்கள். கூட்டம் ஜாஸ்தி, ஒழுங்குக்காக என்றார்கள். அதே வார்த்தை. அலுமினிய டேக்சா ஒன்றை அவர்களுக்கு வைத்தார்கள். மச்சான் போகவில்லை. லாத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ரங்கூன் எனாமல் கேரியரோடு போய் நின்றாள்.

திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்: "பேரு வெட்டுன அண்டாவ தூரத்துலேருந்து பாத்தேன் தம்பி. உங்க மச்சான் வாப்பா பேரு நல்லா தெரியுது. அங்க நின்னவங்க அத்தன பேரும் படிச்சவங்க. யாரும் படிக்கல."

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். ரிக்ஷாக்காரர்கள் சட்டியோடு வந்தபோது, நீயும் அந்தப் பக்கம் போ என்றார்கள். விதவைகளையும் அந்தப் பக்கம் அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பக்கம் ஏழைகள், இந்தப் பக்கம் வசதிக்காரர்கள் என்று ஆனது. டேக்சாவுக்கு அரிசி அனுப்புகிறவர்கள் குறைந்தார்கள். தன் வாய்க்குப் போகாத கஞ்சியில் கறி எதற்கு? பாதி நோன்பு தாண்டும் முன்பே அது வெந்நீரில் நாலு பருக்கை. அப்புறம், இந்தப் பர்மாக்காரர்கள் வந்து நம்ம கஞ்சி வழக்கத்தையே கெடுத்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

லாத்தாவுக்கு ரேஷன் அட்டை கிடைத்தபோது நான் பினாங்கு திரும்பியிருந்தேன். இப்போது மச்சான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் லுங்கி விற்கிறார். அந்த எழுத்தரும் அந்தப் பஸ் ஆளும் அவரிடம் வாங்கியிருக்கலாம்.

நான் சர்க்கார் விவகாரம் படித்தவன் இல்லை. எத்தனை அரிசி இருக்கிறது, எத்தனை வாய் இருக்கிறது என்ற கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு ஊரில் பார்த்ததில் ஒன்று தெரிகிறது. அரிசி குறைவாக இருக்கும்போது மட்டும் இப்படிப் பேசுவதில்லை. முன்பின் தெரியாத ஒருவன் வரிசையில் வந்து நின்றதும் பேசுகிறார்கள். பழகிய ஏழை நின்றால் பாவம் என்பார்கள். புதிதாக வந்தவன் நின்றால் பிடுங்க வந்தவன் என்பார்கள். அவனைத் தள்ளுவதற்காகப் போட்ட கோட்டில் பழகிய ஏழையும் சேர்ந்து வெளியே போய்விடுகிறான். அதை யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. இதை உரத்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முந்தின கப்பலில் வந்தவர்களாகவோ, வீட்டில் ஒருவனைக் கப்பலேற்றியவர்களாகவோ இருக்கிறார்கள்.

5

என் மகள் மும்தாஜ் இங்கே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். வீட்டில் பேசும் தமிழில் பாதி மலாய். கடலூர் என்றால் அவளுக்கு என் தகரப் பெட்டியில் ஒட்டியிருக்கும் பேர். வேலாயுதத்தின் பிள்ளைகளோடு அவள் தாயம் ஆடியவள். இரண்டு அண்டா வைத்த அன்றைக்கு இரவு சாப்பிடும்போது கேட்டாள்.

"அத்தா, வேலாயுதம் அங்கிளுக்கு இந்தியா இருக்குல்ல? அங்க போனா அவுங்க கவர்மெண்ட் குடுக்கும்லா. ஏன் நம்மளோடது எடுக்கிறாங்க?"

அடிக்கத் தோன்றியது, உண்மை. அடிக்கவில்லை. அவள் பொய் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் கேட்டதைச் சொல்கிறாள்.

"அங்க போனா, சிங்கப்பூர்ல தம்பி இருக்குற ஒருத்தர் பஸ்ல ஒக்காந்துகிட்டு, இவன் ஏன் நம்மளோடத எடுக்குறான்னு கேப்பாரும்மா" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. "யாரு அது?" என்றாள். என் மனைவி, "சாப்புடு புள்ள. உங்கத்தா அப்புடித்தான், பாதிய சொல்லிட்டுப் பாதிய முழுங்குவாரு" என்றாள்.

மறுநாள் வழக்கம்போல மத்தியான லுஹர் தொழுதுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். பெரிய அண்டாவில் கறியும் தேங்காய்ப்பாலும் ரம்பை இலையும். சின்ன அண்டாவில் நொய்யும் பருப்பும் வெந்தயமும். இரண்டும் கொதித்துத் தளதளவென்று வந்தன. வாளியை எடுத்தேன். பெரியதிலிருந்து ஒரு வாளி மொண்டு சின்னதில் ஊற்றினேன். சின்னதிலிருந்து ஒரு வாளி மொண்டு பெரியதில் ஊற்றினேன். துடுப்பால் கிண்டினேன். மறுபடியும் மொண்டேன்.

கூட இருந்த மூன்று பேரும் விறகை விட்டுவிட்டு எழுந்து நின்றார்கள்.

"சுல்தான், இன்னாடா பண்ற? மாமா வந்தா என்னா சொல்றது?"

"உப்பு ஒண்ணுக்கொண்ணு சரியில்ல, சமம் பண்றான்னு சொல்லு."

ஒருவன் வெளியே போனான். மாமாவிடம் சொல்லத்தான் போகிறான் என்று நினைத்தேன். இன்னொரு வாளியோடு திரும்பி வந்தான். இரண்டு பேராக ஊற்றியதில் சீக்கிரம் முடிந்தது. கஞ்சியில் ஒரு நல்ல குணம். கலந்த பிறகு எந்தக் கமிட்டியாலும் பிரிக்க முடியாது.

வேலாயுதம் வந்தான். உள்ளங்கையை நீட்டினான். விட்டேன். நக்கினான். வானத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"இது எந்த அண்டா மச்சான்?"

"நீதான் சொல்லணும்."

மற்றதிலிருந்தும் விட்டேன். நக்கிவிட்டுக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டான். ஒரு கை உப்பை அவனே அள்ளி இரண்டிலும் பாதிப் பாதியாகப் போட்டான்.

அன்றைக்கு வில்லைக்காரர்கள் முன்வாசலில் வாங்கினார்கள். மற்றவர்கள் பின்வாசலில் வாங்கினார்கள். இரண்டு வாசலிலும் ஒரே கஞ்சி. அஞ்சலை தூக்குச்சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மூடியை அழுத்தி மூடிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள், யாராவது திரும்பக் கேட்டுவிடுவார்களோ என்பது போல.

சூரியன் அடைந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் காதர் மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டுக் கோப்பையை வாயில் வைத்தார். இரண்டு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார். கடலூர் நாக்கு, ஏமாற்ற முடியாது.

"கறி கம்மியா இருக்கே மாப்ளே."

"எல்லாருக்கும் கம்மிதான் மாமா."

என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து போய் இரண்டு அண்டாவிலும் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"உன்ன இங்க கொண்டாந்து ஒக்கார வச்சது யாரு?"

"நீங்கதான் மாமா. இதே தாழ்வாரம். நீங்க கஞ்சி குடுத்தப்ப என்கிட்ட கார்டு இல்ல. உங்ககிட்டயும் இல்ல."

"அது வேற காலம்டா."

"கஞ்சி அதே கஞ்சி."

அவர் மிச்சத்தைக் குடித்தார். கோப்பையை வழித்துக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "நாளைலேருந்து நீ அடுப்பாண்ட வராத" என்றார். கத்தவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

6

மறுநாள் துடுப்பு வேறொருவன் கைக்குப் போனது. நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கூடக் கிண்டியவன் வந்து சொன்னான், சின்ன அண்டாவை அடுப்பில் ஏற்றவில்லையாம். இரண்டு அடுப்புக்கு விறகு கட்டுப்படியாகவில்லை, ஒரே அண்டாவாகப் போட்டுவிடுங்கள் என்று காதர் மாமா சொன்னாராம். கமிட்டி தீர்மானத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தகர வில்லைகள் நீல அட்டை வீடுகளில் இன்னும் ஆணியில் தொங்குகின்றன. விறகுமேல் பழியைப் போட்டாவது கஞ்சி ஒன்றானது. அவருக்கும் முகம் வேண்டுமே, நான் அதை வெளியில் சொல்லவில்லை. இங்கே எழுதுவதை அவர் படிக்க மாட்டார் என்று ஒரு தைரியம். படித்தாலும் சரி.

வேலாயுதத்துக்கு அனுமதிச் சீட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை. வராமலும் போகலாம். அப்படியானால் அவன் ஒருநாள் கப்பல் ஏறுவான். கடலூரிலோ பண்ருட்டியிலோ நீங்கள் நிற்கிற ஏதோ ஒரு ஜன்னல் முன்னால், இரண்டு பெண் குழந்தைகளோடும், தமிழ் கொஞ்சம் மாறிப்போன பேச்சோடும் வந்து நிற்பான். அவனிடம் சரியான தாள் இருக்காது. அவன் யார் என்று நான் இப்போதே சொல்லிவிட்டேன்.

துடுப்பு இல்லாதவனுக்கு அசருக்குப் பிறகு வேலையில்லை. அன்றைக்குத் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நானே போனேன். மும்தாஜும் கூட வந்தாள். வில்லையை எடுத்துக்கலயா அத்தா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஒரே வரிசை, தெருமுனைவரை நின்றது. போய்க் கடைசியில் நின்றோம். எங்களுக்கு முன்னால் அஞ்சலை. திரும்பிப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டாள்.

"அண்ணே, நீங்க மின்னாடி போங்க. நீங்க இந்தூர்க்காரங்க."

நான் வாயைத் திறக்கும் முன் மும்தாஜ் சொன்னாள், தன் பாதித் தமிழில்.

"இல்ல அக்கா. நீங்கதான்லா முதல்ல வந்தது."